நெல்லுக்கு உப்பு: நீராய்வு நிறுவனங்களின் கைமாற்றமும் சிறு பங்காளரும்

(தமிழ்மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவன் பங்குச் சந்தையைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்னும் வினா உங்கள் உள்ளத்தில் எழுந்திருக்கும். அவ்வினாவுக்கு விடை கூறிவிட்டே உரையைத் தொடங்குகின்றேன்.

என்னோடு ஒரே பள்ளியில் பல்லாண்டு பணியாற்றிய ஓவிய ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றார். ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதியைச் சில நிறுவனங்களின் பங்குகளில் இட்டிருந்தார். ஒரு நாள் மாலை என் வீட்டிற்கு வந்து தடித்த உறை ஒன்றை மேசைமேல் வைத்தார். அவர் பங்கு வைத்திருந்த நிறுவனம் ஒன்றை வேறொரு நிறுவனம் வாங்க முற்பட்டதாகவும், பங்கை விற்க விரும்புவோர் குறித்த நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. பக்கங்களோ பல, ஆங்கிலமோ வழக்கறிஞர்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஆங்கிலம். "ஐயா, விற்பதா? வைத்திருப்பதா?" என்று அவர் கேட்டார். நான் தாளைப் புரட்டிக் கடைசி நாளைத் தேடினேன். அந்த நாள் கடந்து மூன்று நாள் ஆகிவிட்டது! உறை அலமாரியிலேயே கிடந்திருக்கின்றது. "படித்தால் விளங்கவில்லை, பிறரைக் கேட்க நாணமாக இருந்தது" என்றார் அவர்.

நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒருவர் தம் சொந்தப் பணத்தைப் பற்றிய மடலைப் படிக்க இயலாமல் நாணி அமர்ந்திருந்தார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன்பின் இச்செய்தியைக் கற்கத் தொடங்கினேன். கற்றதை உங்கள்முன் வைக்கின்றேன். நான் பங்குத் தரகன் அல்லேன். எதை வாங்குக, எதை விற்க என்று கூறும் உரிமையும் எனக்கில்லை. எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டுமே கூறவிருக்கின்றேன்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சொல் விளங்கினால் பாதி அச்சம் நீங்கும்.

'பகு' என்னும் வினையடியிற் பிறந்தது பங்கு. பகுக்கப்பட்டது பங்கு, அதனை உடையவர் பங்காளர். ஒரு நிறுவனத்தின் நூறு பங்குகளை வைத்திருக்கும் முதியவர் அந்நிறுவனத்திற்குக் கடன் கொடுத்தவர் அல்லர். அதன் உடைமையில் ஒரு கூற்றிற்கு உரியவர். ஊதியம் வந்தால் அவருக்கும் உண்டு. இழப்பு வந்தால் அவருக்கும் உண்டு. நம் சிற்றூர்களில் பங்காளி என்னும் சொல்லில் உரிமையும் இருக்கின்றது, வழக்கும் இருக்கின்றது. பங்குச் சந்தையிலும் அஃதே.

ஒரு நிறுவனத்தின் பங்குகளில் பெரும்பகுதியை மற்றொரு நிறுவனம் வாங்கி, ஆளும் பொறுப்பைத் தன்பால் கொள்வதே கையகப்படுத்தல். வாங்குவோர் பங்காளர்க்கு முன்மொழிவு ஒன்றை அனுப்புவர். "உம் பங்கை எமக்குத் தருக, அதற்கு ஈடாக யாம் இதனைத் தருவோம்" என்பதே அதன் சுருக்கம். அந்த 'இது' பணமாக இருக்கலாம். வாங்கும் நிறுவனத்தின் பங்காகவும் இருக்கலாம். என் உரை முழுமையும் இந்த ஒரு சொல்லைப் பற்றியதே.

பணம் வழங்கப் பெறாத காலத்தில் நம் நெய்தல் நிலத்து உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி மருத நிலத்திற்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றினர். அப்படி மாற்றும்போது உப்பை விற்பவன் தன் உப்பு எவ்வளவு என்று மட்டுமா பார்த்தான்? எதிரே குவிக்கப்பட்ட நெல்லைக் கையில் அள்ளி, மணியா பதரா என்று ஊதிப் பார்த்தான். பங்குக்குப் பங்கு தரும் கையகப்படுத்தலும் இத்தகைய பண்டமாற்றே. ஆனால் இங்கே நம்மவர் தம் உப்பை மட்டும் நிறுத்துப் பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் நெல்லை ஊதிப் பார்ப்பதில்லை.

இதனை விளக்க, முற்றிலும் நடந்து முடிந்த நிகழ்ச்சிகளையே எடுத்துக்கொள்ள எண்ணினேன். விடை தெரிந்த கணக்கிலன்றோ வழியைச் சரிபார்க்க இயலும்? நாம் அன்றாடம் குடிக்கும் நீரின் தூய்மையை ஆயும் கருவித் துறையில் அத்தகைய நிகழ்ச்சிகள் இரண்டு கிடைத்தன. ஒன்று இங்கிலாந்தில் 2020-இல் நிகழ்ந்தது. மற்றொன்று அமெரிக்காவில் 1999-இல் நிகழ்ந்தது.

ஒளிரும் உயிரும் ஐந்து உடைமையாளரும்

கடலில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் இயல்பாகவே ஒளிவிடும். அது நலமாக இருக்கும்வரை ஒளி குன்றாது. நஞ்சு கலந்த நீரில் இட்டால் ஒளி மங்கும். எவ்வளவு மங்குகின்றது என்பதை அளந்தால் அந்நீரில் நச்சுத்தன்மை எவ்வளவு என்பதை அறியலாம். இந்த அறிவைக் கொண்டு 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெக்மன் நிறுவனம் உருவாக்கியதே 'மைக்ரோடாக்சு' என்னும் ஆய்வு முறை. நுண்ணுயிரை உறையவைத்து உலர்த்திச் சிறு குப்பிகளில் அடைத்துவைப்பர். வேண்டும்போது நீரூட்டி எழுப்பி, 15 பாகைச் செல்சியசு வெப்பநிலையில் ஆய்வு செய்வர். மீனை நீரில் விட்டு அது சாகின்றதா என்று நாட்கணக்கிற் காத்திருந்த வேலையை இது நிமிடக் கணக்கிற்குக் கொண்டுவந்தது. பின்னர் உலகத் தர அமைப்பு 11348 என்னும் எண்ணிட்டு இத்தகைய முறையை ஏற்றுக்கொண்டது.

அதன் உடைமையாளர் வரலாற்றைக் கேளுங்கள். பெக்மனிடமிருந்து மைக்ரோபிக்சு என்னும் நிறுவனத்திற்குச் சென்றது. அந்நிறுவனம் பின்னர் அசூர் என்று பெயர் மாறிற்று. அசூரைத் தெலவேரைச் சேர்ந்த சிட்ராட்டீசிக்கு டயக்னாசிட்டிக்சு என்னும் நிறுவனம் வாங்கிற்று. அதனிடமிருந்து 2011-இல் இங்கிலாந்தின் மாடர்ன் வாட்டர் நிறுவனம் நீராய்வுப் பிரிவை வாங்கிற்று. 2020-இல் மாடர்ன் வாட்டரையே வேறொரு நிறுவனம் வாங்கிற்று. கருவி ஒன்றே, உயிரும் ஒன்றே, உடைமையாளர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தனர். கருவி சிறந்தது என்பதனால் அதனை உடையவர் செல்வம் பெருக்குவர் என்பது உறுதியன்று. முதலீடு செய்வோர் பிழைபடும் முதலிடம் இதுவே. "இதன் கண்டுபிடிப்பு அரியது, ஆகவே இதன் பங்கு உயரும்" என்று எண்ணிவிடுகின்றனர். அறிவியலின் சிறப்பு வேறு. வணிகத்தின் வலிமை வேறு.

மாடர்ன் வாட்டரின் கதை

மாடர்ன் வாட்டர் 2007-இல் இலண்டனின் மாற்று முதலீட்டுச் சந்தைக்கு வந்தது. வளரும் சிறு நிறுவனங்களுக்கென அமைந்த சந்தை அது. பங்கு வெளியிட்டு 3 கோடி பவுண்டு திரட்டிற்று. கில்போர்டு நகரிலுள்ள சர்ரே பல்கலைக்கழகத்தில் உருவான நுட்பம் ஒன்றே அதன் முதல். கடல்நீரைக் குடிநீராக்குவதற்கு வழக்கமான முறையினும் குறைந்த ஆற்றல் போதும் என்பது அந்நுட்பத்தின் நோக்கம். சிப்ரால்டரிலும் ஓமன் நாட்டிலும் ஆலைகள் நிறுவிச் செய்தும் காட்டினர்.

ஆயினும் செய்து காட்டுவது ஒன்று. விற்றுப் பணமாக்குவது மற்றொன்று. ஒப்பந்தங்கள் எதிர்பார்த்த அளவிற்கு வரவில்லை. ஆண்டுதோறும் வரவினும் செலவு மிகுந்தது. 2011-இல் வாங்கிய நீராய்வுக் கருவிப் பிரிவே கருவியும் குப்பிகளும் விற்று நிலையான வரவு தந்தது. குடிநீராக்கும் கனவுக்காகப் பங்கு வாங்கியவர்கள், சில ஆண்டுகளில் தாம் நீராய்வுக் கருவி நிறுவனம் ஒன்றின் பங்காளராக இருப்பதைக் கண்டனர். 2020-க்குள் பங்கின் விலை தொடக்கத்தில் இருந்த மதிப்பின் பெரும்பகுதியை இழந்துவிட்டது.

அந்த நிலையில் இன்டெகுமென் என்னும் நிறுவனம் முன்மொழிவோடு வந்தது. அதுவும் அதே சிறு நிறுவனச் சந்தையில் இருந்ததுதான். மாந்தத் தோலைப் போன்றதொரு தோலை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, பூச்சுப் பொருள்களை அதில் ஆய்ந்து பார்க்கும் தொழில் அதனுடையது. அதுவும் அந்நாளில் ஊதியம் ஈட்டாத நிறுவனமே. மாடர்ன் வாட்டரின் பங்கிற்கு ஈடாக அது தர முன்வந்தது பணம் அன்று, தன் பங்குகளே. மாடர்ன் வாட்டரின் இயக்குநர்கள் அதனை ஏற்குமாறு பங்காளர்க்குப் பரிந்துரைத்தனர்.

இரு பக்கத்துச் சொற்போர்

இத்தகைய முன்மொழிவு வரும்போது சிறு பங்காளரிடையே சொற்போர் மூளும். அதன் இரு பக்கத்தையும் நடுவுநிலையோடு பார்ப்போம்.

ஏற்போர் கூறுவன இவை: நிறுவனத்தின் கையில் பணம் குறைந்துவிட்டது. பணம் வேண்டும்போதெல்லாம் புதுப் பங்கு வெளியிட்டால் நம் பங்கின் விழுக்காடு தேய்ந்துகொண்டே போகும். தனியே நின்றால் நாளை ஒன்றுமில்லாமற் போகலாம். இணைந்தால் செலவு குறையும். புதுக் கருவி பிறக்கும். தொற்றுநோய்க் காலத்தில் கழிவுநீரை ஆய்ந்து நோய்ப்பரவலை அறியும் முறைக்கு உலகெங்கும் தேவை எழுந்திருக்கின்றது. இதுவே தக்க வேளை.

மறுப்போர் கூறுவன இவை: விலை மிகத் தாழ்ந்திருக்கும் நேரம் பார்த்து வாங்க வருகின்றனர். உலகம் நீராய்வின் தேவையை உணரத் தொடங்கிய வேளையில் நம் கருவியைக் கைவிடுவதா? பதின்மூன்று ஆண்டு காத்திருந்தோம். இன்னும் சிறிது காத்திருந்தால் என்ன?

இரு பக்கத்திலும் உண்மை இருக்கின்றது. ஆனால் கூர்ந்து நோக்குங்கள். இரு சாராரும் வழக்காடுவது எதைப் பற்றி? மாடர்ன் வாட்டரைப் பற்றி! தம் உப்பின் தூய்மையைப் பற்றி! எதிரே குவித்திருக்கும் நெல்லைப் பற்றிய வழக்கு எங்கே? நம் ஒரு பங்கிற்கு எத்தனை பங்கு கிடைக்கும் என்பதே பேச்சாகின்றது. கிடைக்கும் பங்கு யாருடையது, அவர் தம் சோற்றைத் தாமே உழைத்து உண்கின்றாரா, புதுப் பங்கு அச்சிட்டு விற்று உண்கின்றாரா என்னும் வினா பின்னே தள்ளப்படுகின்றது.

ஊதியம் ஈட்டாத நிறுவனம் ஒன்று, ஊதியம் ஈட்டாத மற்றொன்றைத் தன் பங்கால் வாங்குகின்றது என்றால், இருவரிடமும் உள்ள பணம் ஒரு காசும் கூடவில்லை. பசித்த இருவர் ஒரே இலையில் அமர்ந்தால் சோறு பெருகிவிடுமா? சேர்ந்து சமைக்க முடியுமானால் பெருகலாம். முடியாவிட்டால் பசியே இரட்டிக்கும்.

முறைகளும் சிறியவர் நிலையும்

பெரியவர் எளியவரை ஏய்க்காதிருக்க இங்கிலாந்தில் முறைகள் உள. 1968-இல் அமைந்த கையகப்படுத்தற் குழு அம்முறைகளைக் காக்கின்றது. ஒருவர் ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையில் 30 விழுக்காட்டை அடைந்துவிட்டால் எஞ்சிய அனைவர்க்கும் முன்மொழிவு வைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஒரே வகைப் பங்கை உடைய அனைவரையும் ஒப்ப நடத்தவேண்டும். வாங்கப்படும் நிறுவனத்தின் இயக்குநர்கள் தனித்த அறிவுரையாளரைக் கேட்டு, தம் கருத்தை எல்லாப் பங்காளர்க்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும்.

ஆனால் சிறியவர் அறிந்திருக்க வேண்டிய வேறு விதிகளும் உள. முன்மொழிவு எப்பங்குகளைக் குறித்ததோ அவற்றில் 90 விழுக்காட்டை வாங்குவோர் பெற்றுவிட்டால், எஞ்சியவர்தம் பங்கை அவர் இசையாவிட்டாலும் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. மற்றொரு வழி, அறமன்றத்தின் ஒப்புதலோடு நடக்கும் உடன்பாட்டுத் திட்டம். அதில் வாக்களித்தவர்களின் பங்கு மதிப்பில் 75 விழுக்காடு இசைந்தால், மறுத்தவரும் வாளாவிருந்தவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. இன்னுமொன்று: 75 விழுக்காட்டு வாக்கு கைக்கு வந்தால், நிறுவனத்தைச் சந்தைப் பட்டியலினின்றே விலக்கிக்கொள்ள இயலும். அப்போது மறுத்து நின்றவர் கையில் பங்கு இருக்கும்; விற்கச் சந்தை இராது.

ஆகவே சிறு பங்காளரின் இடர்ப்பாடு விளங்குகின்றதா? ஒவ்வொருவரும் "மற்றவர் விற்றுவிட்டால் நான் மட்டும் தனித்து விடப்படுவேனே" என்று அஞ்சுகின்றார். அந்த அச்சத்தாலேயே விற்கின்றார். அனைவரும் தனித்தனியே அஞ்சுவதனால் அனைவரும் ஒருசேர விற்கின்றனர். விலை நேரியதா என்னும் வினா எழுவதற்கு முன்பே முடிவு முடிந்துவிடுகின்றது.

இதற்குமேல் ஓர் இடையூறு. அந்நாட்டிற் சிறு முதலீட்டாளர் பலருடைய பங்குகள் அவர் பெயரில் இரா. தரகு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். வாக்களிப்பதானாலும் ஏற்பதானாலும் தரகர்க்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தரகர் குறிக்கும் கடைசி நாள், முன்மொழிவில் அச்சிட்ட கடைசி நாளுக்கு முன்னதாகவே வந்துவிடும். நாளை எண்ணத் தவறியவர் உரிமையிருந்தும் இல்லாதவரே. என் ஓவிய ஆசிரியர் இங்கு மட்டுமில்லை ஐயா, இலண்டனிலும் இருக்கின்றார்!

முடிவு யாது?

2020 நவம்பரில் கைமாற்றம் நிறைவேறியது. வாங்கிய நிறுவனம் டீப்வெர்சு என்று பெயர் மாற்றிக்கொண்டது. மாடர்ன் வாட்டரின் பங்காளர் டீப்வெர்சின் பங்காளர் ஆயினர். கழிவுநீர் ஆய்வு பற்றிய அறிவிப்புகள் வந்தன, நம்பிக்கையும் எழுந்தது. ஆயினும் 2023-இல் அதன் ஆண்டுக் கணக்கு உரிய காலத்தில் வெளிவராமையால் சந்தையிற் பங்கு வணிகம் நிறுத்தி வைக்கப்பட்டது. மீண்டும் அது தொடங்கவில்லை. இடையில் விற்று வெளியேறியவர் நிலை வேறு. இறுதிவரை வைத்திருந்தவர் கையில் எஞ்சியது விற்க இயலாத பங்கே.

இதனைக் கேட்டு, "அப்படியானால் மறுத்தவர் கூற்றே சரி" என்று விரைந்து முடிவு கட்டாதீர்கள். மாடர்ன் வாட்டர் தனித்து நின்றிருந்தால் பிழைத்திருக்கும் என்று யார் உறுதி கூற முடியும்? அதுவும் வீழ்ந்திருக்கலாம். நடக்காததை வைத்து நடந்ததை அளக்க இயலாது. நாம் கற்க வேண்டியது வேறு. அதற்கு இரண்டாம் நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

ஆக்கு குடும்பத்தின் கதை

1947-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஏம்சு நகரில் கிளிபோர்டு ஆக்கு என்னும் வேதியியலாரும் அவர்தம் துணைவியார் கேத்தரினும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். நீரின் கடினத்தன்மையை எளிதில் அளக்கும் முறையே அவர்களுடைய முதற்பொருள். பெரிய ஆய்வுக்கூடமும் பட்டம் பெற்ற வேதியியலாரும் இல்லாத சிற்றூர் நீரேற்று நிலையத்துப் பணியாளரும் தாமே ஆய்ந்துகொள்ளும் வகையில் எளிமைப்படுத்தியதுதான் அவர்தம் வெற்றி. அளந்து கட்டிய மருந்துப்பொடியை நீரிலிட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து, அளவைக் கூறலாம். கேத்தரின் அம்மையார் வானூர்தி ஓட்டக் கற்று, தாமே ஊர் ஊராகப் பறந்து சென்று அக்கருவிகளை விற்றார்! 1978-இல் நிறுவனம் கொலராடோ மாநிலத்து லவ்லாந்து நகருக்குப் பெயர்ந்தது. கிளிபோர்டு 1990-இல் மறைந்தார்.

1999-இல் தனாகர் என்னும் பெருநிறுவனம் ஆக்கு நிறுவனத்தை வாங்கிற்று. அதுவும் பணம் தரவில்லை. தன் பங்குகளையே தந்தது. பங்குகளில் மிகப்பெரிய கூறு நிறுவியவர் குடும்பத்திடம் இருந்தது. ஆகவே சிறு பங்காளரின் வாக்கு அங்கும் முடிவை மாற்றும் நிலையில் இல்லை. ஆயினும் அவர்களுக்கு வாய்த்தது என்ன? தனாகர் ஆண்டுதோறும் ஊதியம் ஈட்டி வந்த நிறுவனம். 2004-இலும் 2010-இலும் அதன் ஒவ்வொரு பங்கும் இரண்டாகப் பகுக்கப்பட்டது. 2016-இல் போர்ட்டிவ் என்னும் நிறுவனத்தைப் பிரித்து, இரண்டு பங்கிற்கு அதன் பங்கு ஒன்று வீதம் பங்காளர்க்கு வழங்கிற்று. 2023-இல் ஆக்கு உள்ளிட்ட நீர்த் தொழில்களைத் தன்னினின்றும் பிரித்து, வெரால்டோ என்னும் தனி நிறுவனமாக்கி, மூன்று பங்கிற்கு ஒன்று வீதம் வழங்கிற்று. 1999-இல் ஆக்கின் பங்கைக் கொடுத்து, பெற்ற பங்கை இறுதிவரை விடாது வைத்திருந்தவர், இருபத்து நான்கு ஆண்டு கழித்து மீண்டும் நீராய்வு நிறுவனம் ஒன்றின் பங்காளரானார். தனாகரின் பங்கும் அவர் கையில் இருந்தது.

அன்றே கேட்டிருக்கக்கூடிய வினாக்கள்

இரண்டும் நீராய்வுத் துறை. இரண்டும் பங்கிற்குப் பங்கு. இரண்டிலும் கருவி சிறந்தது. இரண்டிலும் சிறியவர் சிறியவரே. வேறுபட்டது ஒன்றுதான்: எதிரே குவித்திருந்த நெல்! ஓரிடத்தில் அது விளைந்த மணி. மற்றோரிடத்தில் இனிமேல் விளையும் என்று நம்பி வைத்த விதை. விதை முளைக்கவும் கூடும். முளைக்காமற் போகவும் கூடும். விதையை நெல் என்று எண்ணி வாங்குவதே பிழை.

"நடந்து முடிந்தபின் அறிவு கூறுவது எளிது" என்று நீங்கள் கூறலாம். ஏற்கின்றேன். ஆதலால், முடிவு தெரியாத அன்றே, எளிய ஒருவர் கேட்டிருக்கக்கூடிய வினாக்களை மட்டுமே கூறுகின்றேன். அவற்றிற்கு விடை ஆண்டுக் கணக்கிலும் முன்மொழிவு மடலிலும் அச்சாகியே இருக்கும்.

முதல் வினா: எனக்குத் தருவது பணமா, பங்கா, இரண்டும் கலந்ததா? பணமென்றால் விலையைப் பார்த்தாற் போதும். பங்கென்றால் நான் விற்கவில்லை, வேறொன்றை வாங்குகின்றேன். அதற்குரிய எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாம் வினா: வாங்கவரும் நிறுவனம் கடந்த சில ஆண்டுகளில் தன் தொழிலில் ஈட்டியது எவ்வளவு? புதுப் பங்கு விற்றுத் திரட்டியது எவ்வளவு? இவ்விரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பல பக்க மடல் கூறாததை அவ்விரண்டு எண்கள் கூறும்.

மூன்றாம் வினா: ஏற்குமாறு பரிந்துரைக்கும் இயக்குநர்க்கு அதனால் வருவது என்ன? அவர் தம் பங்கையும் அதே அளவையிற் கொடுக்கின்றாரா? புதிய நிறுவனத்தில் அவருக்குப் பதவி உண்டா? பதவி இருப்பதனாலேயே அவர் பொய்யர் என்பதன்று. அதனை அறிந்து அவர் சொல்லை எடைபோட வேண்டும் என்பதே.

நான்காம் வினா: நான் ஒன்றும் செய்யாதிருந்தால் என்ன ஆகும்? வாளாவிருத்தலும் ஒரு முடிவே. சில வேளை அதுவே மிகக் கொடிய முடிவு. கடைசி நாள் எது, என் தரகர் குறித்த நாள் எது என்பதை முதற்பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வாரியம் 2011-இல் வகுத்த விதிகளின்படி, ஒருவர் ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையில் 25 விழுக்காட்டை எட்டினால், மேலும் 26 விழுக்காட்டிற்கேனும் அனைவர்க்கும் பொது முன்மொழிவு வைத்தாக வேண்டும். பங்குகளை ஒப்படைக்கப் பத்து வேலைநாள் உண்டு.

அவ்விதிகளில் நம்மவர் பலர் அறியாத ஒன்று இருக்கின்றது. முன்மொழிவின் விரிவான அறிவிப்பை ஆங்கில நாளிதழிலும் இந்தி நாளிதழிலும் வெளியிடுவதோடு, வாங்கப்படும் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் உள்ள இடத்து மொழி நாளிதழிலும் வெளியிட வேண்டும். தனித்த இயக்குநர் குழுவின் கருத்தும் அதே இதழ்களில் வரவேண்டும். சென்னையிற் பதிவான நிறுவனம் என்றால் தமிழ் நாளிதழில் தமிழில் வந்தாக வேண்டும்! சட்டம் தந்த உரிமை அது.

ஆனால் நடப்பது என்ன? பங்காளர் வீட்டிற்கு வரும் முழு மடல் வழக்கமாக ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. நாளிதழில் வரும் தமிழோ, ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, எழுவாய் எது பயனிலை எது என்று இலக்கண ஆசிரியனே தடுமாறும் தமிழாக, பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கின்றது. விளங்காத தமிழ், ஆங்கிலத்தினும் கேடு. 'பங்குக்குப் பணம்', 'பங்குக்குப் பங்கு', 'கடைசி நாள்', 'ஒன்றும் செய்யாவிடின்' என்று நான்கு தலைப்பிட்டு நான்கு பத்தி எழுதினால் எளிய பங்காளர் அனைவர்க்கும் விளங்காதா? எழுதத் தமிழில் சொல் இல்லையா? சொல் இருக்கின்றது, எழுத வேண்டும் என்னும் எண்ணமே இல்லை.

நாமும் பழி நீங்கியவர் அல்லர். பணத்தைப் பற்றிப் பேசுவது புலவர்க்கு இழுக்கு என்று நம்மவர் ஒதுங்கிவிட்டோம். போவது எது, வருவது எது, அதனாற் பின்னர் விளைவது எது என்று எண்ணிச் செய்க என்பதற்கு வள்ளுவர் ஒரு முழு அதிகாரமே வகுத்தார். நாமோ அதனை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் இட்டோமேயன்றி, வாழ்க்கைக் கணக்கிற்கு எடுத்துக்கொடுத்தோமில்லை. என் ஓவிய ஆசிரியரின் நாணத்தில் எனக்கும் பங்குண்டு.

முடிவுரை

அன்பர்களே! ஒளிரும் நுண்ணுயிரைப் பற்றிக் கூறினேன். நீரில் நஞ்சு கலந்தால் அது முதலில் மங்கும். அதனைப் பார்த்து மாந்தர் விழித்துக்கொள்வர். பங்குச் சந்தையில் முதலில் மங்குபவர் சிறு முதலீட்டாளர். அவரைப் பார்த்து விழித்துக்கொள்வார் யாருமில்லை. ஆகவே அவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். காப்பதற்குக் கருவி ஒன்றே: விளங்கிக்கொண்டு கேட்பது.

இம்மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். திங்களில் ஒரு மாலை, இந்த அறையிலேயே, இத்தகைய மடல்களைப் படித்துத் தமிழில் விளக்கும் அமர்வு ஒன்றை நடத்துவோம். கணக்காளர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் வந்தாற் போதும். தமிழ் சொல்ல நான் வருகின்றேன். வாங்கு, விற்பாய் என்று ஒருவர்க்கும் கூற மாட்டோம். உறையைப் பிரித்து, நாளைக் குறித்து, நான்கு வினாவிற்கும் விடையைத் தேடித் தருவோம். முடிவை அவரவரே எடுத்துக்கொள்ளட்டும்.

என் ஓவிய ஆசிரியர் இன்று இந்த அவையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் இசைவு பெற்றே இதனைக் கூறினேன். சென்ற வாரம் அவருக்கு மற்றோர் உறை வந்தது. இம்முறை அதனை அலமாரியில் வைக்கவில்லை. வந்த அன்றே என் வீட்டிற்கு எடுத்து வந்தார். இருவரும் அமர்ந்து இரவு பத்து மணிவரை படித்தோம். கடைசி நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கின்றது.